ஆட்சேபணை உள்ளவர் கைதூக்கலாம்

எங்கள் அடுக்குமாடியின் லிப்ட் மூன்றாவது மாடியில் நிற்காது. இரண்டில் நிற்கும், நான்கில் நிற்கும், மூன்றை மட்டும் ஏதோ பழைய பகையைப் போலத் தாண்டிப் போய்விடும். ஆகவே மூன்றாவது மாடிக்கு யார் வந்தாலும் படியேறி, மூச்சு வாங்கி, என் வாசலில் சற்று நின்றுதான் போக வேண்டும். நான் ரவிக்கை தைக்கிறவள். தையல் மெஷின் வாசலுக்கு நேரே இருக்கிறது. கதவு எப்போதும் திறந்திருக்கும். காற்றுக்காகத்தான். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் காற்று எங்கே வருகிறது என்று கேட்காதீர்கள்.

எதிர் வீடு சுகுமாறன் அண்ணனுடையது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் மெல்பர்னில் இருக்கிறாள். மீதமிருக்கும் குடும்பம் என்றால் அவருடைய கட்சிதான். பெயர் 'செம்பாதை தொழிலாளர் கழகம்'. கட்சி என்றதும் கூட்டம், கொடி, ஒலிபெருக்கி என்று கற்பனை செய்துவிட வேண்டாம். மொத்தம் மூன்று பேர். அண்ணன் செயலாளர். ரவாங்கிலிருந்து வரும் பரமேஸ்வரன் ஒழுங்குக் குழுத் தலைவர். சாலாக் செலாத்தானிலிருந்து வரும் இராஜம்மா உறுப்பினர். அதாவது உறுப்பினர் என்று இருப்பது அவர் ஒருவர்தான், மற்ற இருவரும் பொறுப்பாளர்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்தபோது பதினொரு பேர் இருந்தார்களாம். தோட்டத்தையும் துறைமுகத்தையும் ரயில்வேயையும் ஒன்றாக்கி முதலாளிகளை ஒழிப்பது திட்டம். முதலாளிகள் சௌக்கியமாக இருக்க, இவர்கள் ஒருவரை ஒருவர் ஒழித்துக்கொண்டார்கள். சொந்தமாக டாக்சி வாங்கிய ஒருவர் இன்னும் தொழிலாளிதானா என்ற விவாதத்தில் மூன்று பேர் போனார்கள். எந்த நாட்டின் பாதை சரி என்ற விவாதத்தில் இன்னும் சிலர் போனார்கள். அந்த நாடு பிற்பாடு தன் பாதையையே மாற்றிக்கொண்டது. இவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. மிச்சப்பேரைச் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் பார்த்துக்கொண்டன.

இந்த மூவரும் சில வருடங்களாகக் கழகத்தின் வரலாற்றை எழுதி வருகிறார்கள். எழுதுகிற முறைதான் விசேஷம். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் அண்ணன் வீட்டில் கூடுவார்கள். முதலில் சுயவிமர்சனம்: அந்த மாதம் தான் செய்த தவறை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். இராஜம்மா ஒரு தடவை, பேரனின் பிறந்தநாளுக்கு அமெரிக்கக் கடையில் பொரித்த கோழி வாங்கிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டு கண் கலங்கினார். அதன் பிறகு வரிவாசிப்பு. அண்ணன் வரலாற்றில் ஒரு வரியை வாசித்துவிட்டு, "ஆட்சேபணை உள்ளவர் கைதூக்கலாம்" என்பார். ஒரு கை தூக்கப்பட்டாலும் அந்த வரி விழுந்தது. யாரும் தூக்காவிட்டாலும் போதாது. ஒவ்வொருவரும் வாய்விட்டுச் "சரி" என்று சொன்னால்தான் வரி நிற்கும். கை தூக்கும் உரிமை கழகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். முதல் கூட்டத்தில் தேநீர் வழங்கப்பட்டது என்ற வரி பல மாதம் தொங்கியது. தேத்தூளை வாங்கிக் கொடுத்தவர் ஒரு குத்தகைக்காரர் என்பதால், அதை வரலாற்றில் ஏற்கலாமா என்று பரமேஸ்வரனுக்குச் சந்தேகம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நடைவழி குறுகல், சுவர் மெலிசு, தேநீர் கொண்டுபோவதும் நான்தான். நான் என்ன செய்வது?

இப்படியே போயிருந்தால் வரலாறு முடிவதற்குள் வரலாற்றுக்காரர்கள் முடிந்திருப்பார்கள். நடுவில் ரோகிணி வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். சிறிய இடதுசாரிக் குழுக்களைப் பற்றி எழுதுகிறாளாம். இவர்களைவிடச் சிறியதாக அவளுக்குக் கிடைத்திருக்காது. வரலாற்றைப் புத்தகமாகப் போட்டுத் தருகிறேன், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிடித்து, எல்லோர் முன்னிலையிலும் கடைசி வாசிப்பு வைப்போம் என்றாள். மூவருக்கும் முகமெல்லாம் பிரகாசம். பத்து வருட வரலாறு இரண்டே கூட்டத்தில் நிறைவேறியது. ஒரே ஒரு வரிதான் பாக்கி நின்றது.

"1988-இல் சின்னையா என்ற உறுப்பினர் எதிரிக்குத் தகவல் கொடுத்ததால் மூன்று தோழர்கள் கைதானார்கள், துரோகி ஏகமனதாக வெளியேற்றப்பட்டார்."

போன கூட்டத்தில் அண்ணன் இதை வாசித்தபோது இருமல் வந்துவிட்டது. இருமி முடிப்பதற்குள் பரமேஸ்வரனின் ரயிலுக்கு நேரமாகிவிட, அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். மறுநாள் ஞாயிறு மண்டப வாசிப்பு.

அந்த வாரம் புதன்கிழமை ஓர் அம்மாள் படியேறி வந்து என் வாசலில் நின்றார். கையில் மாவு வாசனை அடிக்கும் துணிப்பை.

"சுகுமாறன் வீடு இதானே தங்கச்சி? பூட்டிக் கெடக்கு."

"கிளினிக்குக்குப் போயிருக்காருக்கா. இப்படி வந்து உக்காருங்க. பசியாறிட்டீங்களா?"

"கிள்ளான்லேர்ந்து வெள்ளனமே கொமுட்டர் ரயிலு ஏறிட்டேன். பசியெல்லாம் இல்ல. கொஞ்சம் தண்ணி குடு, போதும்."

பெயர் மாரியாயி என்றார். கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் பின் சந்தில் மாவு மில் வைத்திருக்கிறார்களாம். "எங்க வீட்டுக்காரரு சின்னையா. அந்தக் காலத்துல லோரி ஓட்டுனாரு. இவுங்களோட கட்சியில இருந்தவரு" என்றார்.

என் கால் மெஷின் மிதியிலிருந்து தானாக எடுபட்டது.

"ரோகிணின்னு ஒரு பொண்ணு போன வாரம் போன் அடிச்சுச்சு தங்கச்சி. பழைய தோழருங்க எல்லாரும் ஞாயித்துக்கிழம வரணும், வரலாறு வாசிக்கிறோம், உங்க பேரும் அதுல வருதுன்னுச்சு. அன்னையிலேர்ந்து மனுசன் கால் தரையில இல்ல. புதுச் சட்ட வாங்கியாச்சு. வேன் பேசியாச்சு. மக, மருமகன், பேரப்புள்ளைங்க, பக்கத்துக் கட நிஜாம் பாய் குடும்பம், எல்லாரும் வர்றாங்க. மில்லுக்கு மொளகா அரைக்க வர்றவுங்ககிட்டல்லாம், எம் பேரு புத்தகத்துல வருதுன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

"நல்ல விசயந்தானேக்கா."

"அவரு அப்படித்தான் நெனைக்கிறாரு. இத்தன வருசம் கழிச்சுத் தப்ப உணர்ந்துட்டாங்க, அதான் கூப்பிடுறாங்கன்னு." அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "இவுங்க வெளியேத்துனப்ப அவருக்கு மூணு மாசம் சோறு எறங்கல. ரோட்டுல எதுக்க வந்தா மூஞ்சத் திருப்பிக்குவாங்க. காட்டிக்குடுத்தவன்னு பேரு வச்சாங்க. எனக்கு அது மறக்கல. பேரு வருதுன்னா, எப்படி வருது? அத மட்டும் கேட்டுக்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அந்த வரி எனக்கு மனப்பாடம். சொல்லவில்லை. நான் வம்புக்காரிதான். ஆனால் வம்புக்கும் ஒரு தர்மம் இருக்கிறது: அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை அவர்களிடமே முதலில் போய்ச் சொல்லக்கூடாது.

அண்ணன் வருவதாகக் காணோம். மில்லைத் திறக்க வேண்டும் என்று மாரியாயி எழுந்தார். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "கெட்டதா இருந்தா ஒரு போன் அடி தங்கச்சி. வேன் ரிப்பேருன்னு ஏதாச்சும் சொல்லி நிறுத்திடுறேன். பத்துப் பேருக்கு முன்னாடி, பேரப்புள்ளைங்களப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அதக் கேக்க வேணாம் அவரு."

அவர் இறங்கிப் போன பிறகு நான் தைத்த கை வளைவைப் பிரித்துத்தான் தைக்க வேண்டியிருந்தது.

சுகுமாறன் அண்ணன் மதியத்துக்கு மேல் மருந்துப் பையோடு வந்தார். வாசலில் மூச்சு வாங்கியபடி நின்றவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சின்னையா வருகிறார், வேனில் வருகிறார், புதுச் சட்டையில் வருகிறார் என்று.

"யாரு கூப்பிட்டது?"

"உங்க ரோகிணிதான். பழைய உறுப்பினர் பட்டியலப் பாத்து எல்லாரையும் கூப்பிட்டிருக்கு. பாக்கி நிக்கிற வரியப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

அவர் முகம் பிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது.

"அந்த வரிய எடுத்துருங்கண்ணே."

"நான் எடுக்க முடியாது அமுதவள்ளி. அது ஏகமனசா எடுத்த முடிவு. இப்ப எடுக்கணும்னாலும் ஏகமனசு வேணும்."

"அவருதான் காட்டிக்குடுத்தாருன்னு எப்படித் தெரியும்?"

"வேற வழியே இல்ல. கூட்டம் என்னைக்குன்னு போன்ல சொல்ல மாட்டோம், கடுதாசி எழுத மாட்டோம். ஒரு ரகசிய அடையாளம் வச்சிருந்தோம். நானே ஏற்பாடு பண்ணது. எங்க ஆளுங்களத் தவிர ஈ காக்காவுக்குத் தெரியாது. அப்படியும் சரியா கூட்டத்தன்னைக்குப் போலீஸ் வந்துச்சுன்னா, உள்ளேர்ந்துதானே போயிருக்கணும்?"

"என்னா அடையாளம்? துண்டா?"

அண்ணன் மருந்துப் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். பிறகு இடது கையிலிருந்து வலது கைக்கு.

"என்னா துண்டு?"

"செவப்புத் துண்டுண்ணே. உங்க பால்கனியில காயுமே. காலையில துண்டு காஞ்சா சாயந்தரம் கூட்டம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கல்யாணமாகி இங்க வந்த முதல் மாசமே எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. கீழ தோசக்கட கன்னையா, துண்டப் பாத்துட்டா அன்னைக்கு மாவு கூட அரைப்பாரு, கூட்டம் முடிஞ்சு பசியோட வருவீங்கன்னு. சின்னப் புள்ளைங்க, துண்டு காயுது, புரட்சி வருதுன்னு பாடிக்கிட்டே பாண்டி ஆடுங்க. மழ வந்து நீங்க உள்ள எடுத்துட்டா, கூட்டம் இல்ல போலருக்குன்னு நாங்களே பேசிக்குவோம்."

அண்ணன் ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடையிலதான் ஒரு கருப்புக் கண்ணாடிக்காரரு தெனமும் பசியாறுவாரு. மஃப்டி போலீசுன்னு தெருவுக்கே தெரியும். பால்கனியப் பாத்தாப்புலதான் உக்காருவாரு. அவருக்கு ஒருத்தர் போயிச் சொல்லணுமா?"

"ஏன் சொல்லல நீ?"

"நீங்க கேக்கலியே. மக்கள் மக்கள்னு சுவருக்கு அந்தப் பக்கம் இத்தன வருசம் பேசுறீங்க. ஒரு நாளாச்சும் கதவத் தட்டி, ஏம்மா மக்களேன்னு கூப்பிட்டிருந்தா, சொல்லியிருப்பேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என் மெஷினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சின்னையா சொன்னான்" என்றார். "கைதுக்கு முந்துன வாரம். லோரிய ரோட்டோரமா நிறுத்திட்டு மேல வந்தான். தோழர், துண்டு வேணாம், கீழக் கடையில பேசிக்கிறாங்கன்னான். எனக்குக் கோவம். ரகசியம் வெளியாளுக்குத் தெரியும்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? அப்ப இவனுக்கு வெளித்தொடர்பு இருக்குன்னு கைதுக்கு அப்புறம் நான்தான் குழுவுல அறிக்கை வச்சேன். அதான் ஆதாரம். அத வச்சுத்தான் வெளியேத்துனோம்."

கீழ்க் கடையில் கோப்பி குடித்ததுதான் அந்த மனுஷனின் வெளித்தொடர்பு. ஊர் பேசியதைக் காதில் வாங்கினார், நல்ல எண்ணத்தோடு வந்து சொன்னார், துரோகியாகிவிட்டார். என்னைப் போன்றவளை அந்தக் கட்சியில் சேர்த்திருந்தால் முதல் நாளே தூக்கில் போட்டிருப்பார்கள்.

வியாழனும் வெள்ளியும் அண்ணனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பால்கனிக்குப் போய்க் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதில் இப்போது ஒரு பனியன்தான் காய்கிறது. பரமேஸ்வரனுக்குப் போன் போட்டார். மறுமுனையில் அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை, நடைவழி முழுக்கக் கேட்டது. "அது முடிஞ்ச விசயம் தோழர். முடிஞ்சதத்தான் வரலாறுன்னு சொல்றோம்." ரோகிணிக்குப் போன் போட்டு, சின்னையாவை வர வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று பாதி கேட்டார். மீதியைக் கேட்காமல் வைத்துவிட்டார்.

எனக்கும் நிம்மதியில்லை. வெள்ளிக்கிழமை மாரியாயி கூப்பிட்டார்.

"என்னா தங்கச்சி, ஒண்ணும் சொல்லலியே நீ?"

"சனிக்கெழம கூட்டம் இருக்குக்கா. முடிஞ்சதும் சொல்றேன்."

"சனிக்கெழம அவரு சட்டைய அயன் பண்ணிருவாரு. அயன் பண்ணிட்டா அப்புறம் அவர நிறுத்த முடியாது" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பரமேஸ்வரன் முதலில் வந்தார். வெயிலோ மழையோ, அவர் கையில் குடை இருக்கும். என் வாசலில் மூச்சு வாங்குவதை அவர் ஒரு பலவீனமாகக் கருதுவதால், ஒரு படி கீழேயே நின்று வாங்கிவிட்டு வருவார். அப்புறம் இராஜம்மா முழங்காலைப் பிடித்தபடி வந்தார். ரோகிணி மடிக்கணினியோடு வந்தாள். நான் தேநீர் போட்டுக் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அண்ணன், "நீ இரு அமுதவள்ளி" என்றார்.

"இந்தம்மா யாரு?" என்றார் பரமேஸ்வரன். எத்தனையோ வருடமாக என் தேநீரைக் குடிக்கிறவர்.

"எதுத்த வீடு. சாட்சி."

சுயவிமர்சனம் தொடங்கியது. இராஜம்மா, டிவி நாடகத்துக்காக ஒரு நாள் வாசிப்பைத் தவறவிட்டதாகச் சொன்னார். பரமேஸ்வரன், ரயிலில் ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுக்கத் தாமதித்ததாகச் சொன்னார். பிறகு அண்ணன் எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, துண்டையும், கன்னையாவின் மாவையும், கருப்புக் கண்ணாடியையும், சின்னையா படியேறி வந்து சொன்னதையும், தான் வைத்த அறிக்கையையும், ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் சாட்சியம் அவ்வளவுதான். ரோகிணி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு வாயில் கை வைத்தாள். தான் யாரை அழைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பரமேஸ்வரன் குடையைத் தரையில் ஊன்றினார்.

"நல்லாருக்கு. நாம மூணு பேரு உள்ள போனோம். நீங்க, நான், இராஜம்மா. துரோகி ஒருத்தன் இருந்தான், அதனால போனோம்னா அது வரலாறு. பால்கனியில துண்டு காயப் போட்டோம், தோசக்கடையில பாத்தாங்க, அதனால போனோம்னா அது தமாசு. நாளைக்கு மண்டபத்துல சிரிப்பாங்க தோழர். நம்ம வாழ்க்கையப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்றார் அண்ணன். ஆனால் அவர் பயந்ததும் அதற்குத்தான்.

இராஜம்மா அதுவரை தேநீர்க் கோப்பையைத் தொடவில்லை. "நான்தான் ரொம்ப நாளு உள்ள இருந்தேன்" என்றார் மெதுவாக. "படுத்தா சின்னையா மொகந்தான் வரும். அவன வையாம ஒரு நாளு தூங்குனதில்ல. அந்தக் கோவம்தான் எனக்குத் தெம்பு. அது இல்லன்னா அங்கயே படுத்துருப்பேன். இப்ப வந்து அது துண்டுங்குறீங்க." கோப்பையைத் தட்டோடு சேர்த்துத் திருப்பினார். "துண்ட வையிறதுக்கு இனிமே எனக்கு வயசு இல்ல. எழுதுங்க. எனக்குச் சரி."

அண்ணன் பழைய வரியை வாசித்தார். தானே கைதூக்கினார். வரி விழுந்தது. புதிய வரியை வாசித்தார். பரமேஸ்வரன் கை தூக்கவுமில்லை, சரி சொல்லவுமில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கடைசி வாசிப்பு நாளைக்கு மண்டபத்துலதானே? அங்கயும் ஆட்சேபணை கேக்கணும்னு விதி. நான் இன்னும் ராஜினாமா பண்ணல" என்றார். படியிறங்கும் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது, டக் டக்கென்று குடையோடு.

"அவர் கைதூக்கினா என்ன ஆகும் அங்கிள்?" என்றாள் ரோகிணி.

"புது வரி விழும். புது வரி இல்லன்னா, எண்பத்தெட்டுல எடுத்த முடிவுதான் கழகத்தோட நிலைப்பாடு. நீ அதத்தான் அச்சுக்குக் குடுக்கணும்."

"வேற வழி இல்லையா? நீங்களே மாத்திக்கலாமே, யாரு கேக்கப் போறாங்க?"

அண்ணனும் இராஜம்மாவும் அவளை ஏதோ கோயிலில் செருப்போடு நுழைந்தவளைப் போலப் பார்த்தார்கள்.

மாலையில் மாரியாயிக்கு நான்தான் போன் அடித்தேன். என்ன சொல்வது? நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, ஒரு குடைக்காரர் கையில் இருக்கிறது என்றா சொல்ல முடியும்? "வரட்டும்க்கா" என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது. வேனை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் என் கையில் இருந்தது, நான் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். ரோகிணியின் மாணவர்கள், ஒரு தொழிற்சங்கத்துக்காரர், எங்கள் மாடிக்காரர்கள் பாதிப்பேர். இவர்கள் வந்ததற்குக் காரணம் நான்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் யாரிடமும் விசேஷமாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

வேன் வந்தது. முதலில் பேரப்பிள்ளைகள் குதித்தார்கள். நிஜாம் பாய் இறங்கிக் கைகொடுக்க, சின்னையா இறங்கினார். ஒல்லியான மனிதர். வெளிர் நீலச் சட்டை, மடிப்பு கத்தி போல நின்றது. மாரியாயி என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். நான் பையில் எதையோ தேடினேன்.

அவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். சின்னையாவும் சுகுமாறன் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் கும்பிடவில்லை, சிரிக்கவுமில்லை. அண்ணன் தாள்களை அடுக்கி வரிசை பார்த்தார்.

வாசிப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின் கதவு திறந்தது. டக், டக். பரமேஸ்வரன் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து, குடையை முழங்காலுக்கிடையே நிறுத்தினார்.

அண்ணன் அவரைப் பார்த்தார். வாசித்துக்கொண்டிருந்த வரியையே மறுபடி வாசித்தார். ஒவ்வொரு பகுதி முடிவிலும், "ஆட்சேபணை உள்ளவர் கைதூக்கலாம்" என்றார். தேநீர் வரி வந்தது, போனது. டாக்சிக்காரர் வந்தார், போனார். இராஜம்மா "சரி" என்றார். பின்னாலிருந்து ஒரு வறண்ட "சரி" வந்தது. எண்பத்தைந்து. எண்பத்தாறு. எண்பத்தேழு. மாரியாயியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எப்போது என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார் என்று தெரியவில்லை.

அண்ணன் தண்ணீர் குடித்தார். தாளைப் பார்க்காமலே சொன்னார்.

"1988-இல் கழகத்தின் கூட்ட நாளை அறிவிக்கச் செயலாளர் சுகுமாறன் தம் பால்கனியில் சிவப்புத் துண்டு காயப் போட்டு வந்தார். அது இரகசியம் என்று கழகம் நம்பியது. தெரு முழுவதும் அதை அறிந்திருந்தது."

யாரோ ஒரு மாணவன் முதலில் சிரித்தான். அப்புறம் எங்கள் மாடிக்காரர்கள், அப்புறம் முழு மண்டபம். பேரப்பிள்ளைகள் ஏன் என்று தெரியாமலே சிரித்தார்கள். அண்ணன் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். மழையில் ஒதுங்க இடமில்லாதவர் நிற்பது போல நின்றார். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"தோழர் சின்னையா இதைக் குறித்து முன்கூட்டியே எச்சரித்தார். அந்த எச்சரிக்கையையே குற்றமாக்கி, செயலாளரின் அறிக்கையின் பேரில், கழகம் அவரை வெளியேற்றியது. அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆட்சேபணை உள்ளவர் கைதூக்கலாம்."

இப்போது சிரிப்பில்லை. எல்லோருக்கும் முன்பாக நான் பின்னால் திரும்பினேன். பரமேஸ்வரனின் ஒரு கை குடைப் பிடியை விட்டது. முழங்காலுக்கு வந்தது. மாரியாயியின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

ஆனால் கை எழும்பியது முன்னாலிருந்து. வெளிர் நீலச் சட்டைக் கை.

ரோகிணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். கை தூக்கும் உரிமை யாருக்கு என்று அங்கே இருந்த மூன்று பேருக்கும் எனக்கும் தெரியும். தூக்கியவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். உரிமையில்லை, இறக்குங்கள் என்றால் எல்லாம் அத்துடன் முடிந்துவிடும்.

"சொல்லுங்க தோழர்" என்றார்.

சின்னையா எழுந்து நின்றார். சட்டை மடிப்பைச் சரிசெய்தார். குரல் அவர் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது.

"துண்டு செவப்பு இல்ல. வாங்குனப்பதான் செவப்பு. எண்பத்தெட்டுல வெளுத்து ரோசாப்பூ கலருக்கு வந்துருச்சு. கீழருந்து பாத்தவன் நான். வரலாறுன்னா உள்ளத எழுதணும்."

"ஆட்சேபணை ஏற்கப்படுது" என்றார் அண்ணன். "துண்டு ரோஸ் நிறம்னு திருத்தி வாசிக்கிறேன். இராஜம்மா தோழர்?"

"சரி."

"பரமேஸ்வரன் தோழர்?"

பரமேஸ்வரன் குடையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மோனோரயில் ஒன்று போனது. அந்த மனிதர் வாழ்க்கையில் பிழையான ஒரு வரியைக்கூட விட்டுவைத்ததில்லை. சரியான வரியை மறுத்ததும் இல்லை. நேற்றுவரை அவர் எதிர்த்தது சிவப்புத் துண்டு வரியை. இப்போது கேட்கப்படுவது வேறு வரி.

"ரோஸ்தான்" என்றார் கடைசியில், குடையிடம் சொல்வது போல. "அப்பவே எனக்கு அந்தக் கலர் பிடிக்கல. திருத்தத்தோட சரி."

"சின்னையா தோழர்?"

சின்னையா பின்னால் திரும்பிப் பரமேஸ்வரனைப் பார்த்தார். இராஜம்மாவைப் பார்த்தார். அண்ணனை மட்டும் பார்க்கவில்லை. அண்ணன் காத்திருந்தார்.

"சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "அடுத்த வரிய வாசிங்க."